நடுவுல ஒரு முக்காலி

முதல்ல பனியத்தான் தூக்கிப் போட்டா எமீமா. பாளையங்கோட்டையில எங்க பனி பெய்யுது? டிசம்பர் மாசம்னுதான் பேரு, மத்தியானம் ஃபேன் ஓடாட்டா முதுகுல துணி ஒட்டிக்கிடுது, இதுல கார்டு பூரா வெள்ளை வெள்ளையா கொட்டி வச்சா வாங்குற ஜனம் சிரிக்காதா. ஆனா பழைய காலத்துக் கிறிஸ்மஸ் கார்டுன்னு கம்ப்யூட்டர்ல தேடினா எல்லாம் பனிதான். பனி மூடின கோயில், பனியில ஓடுற குதிரை வண்டி, முள்ளு முள்ளா ஒரு இலை, அதுக்கு நடுவுல சிவப்புப் பழம், பக்கத்துல நெஞ்சு மட்டும் சிவந்த ஒரு குருவி. அந்தக் குருவிக்கு என்ன பேருன்னு இன்னைய வரைக்கும் அவளுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையில அவ அப்பா, தபால்ல வந்த கார்டுகள நூல்ல கோத்து வீட்டுக்குள்ள தோரணமா கட்டும்போது, "இது பெத்லகேம் குருவிம்மா, இயேசு பாலன் பொறந்த தொழுவத்துல கூடு கட்டியிருந்துச்சு"ன்னு சும்மா சொல்லி வச்சுட்டாரு. இவ அத வேதத்துல உள்ளதுன்னு நம்பிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில டீச்சர் தொழுவத்துல யாரெல்லாம் இருந்தாங்கன்னு கேட்டதுக்கு எந்திரிச்சு நின்னு மாடு, ஆடு, கழுதை, நெஞ்சு சிவந்த குருவின்னு சொல்லி, பெறகு ஒரு வருஷம் பூரா குருவின்னே பட்டப்பேரு. அந்தக் குருவியையும் தூக்கிப் போட்டா. அந்த இடத்துல, மதில் மேல உக்காந்திருந்தப்ப போன்ல எடுத்து வச்சிருந்த தவிட்டுக்குருவியக் கொண்டாந்து ஒட்டினா. தவிட்டுக்குருவி ஒத்தையா இருக்கவே இருக்காது, ஏழெட்டு சேந்து சண்டக்காரி மாதிரி கத்திக்கிட்டு கெடக்கும், இது மட்டும் என்னமோ தனியா உக்காந்திருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அதையே இன்னொண்ணா எடுத்து, முகத்தத் திருப்பி, பக்கத்துல வச்சா. ரெண்டாச்சு. மூணாவது ஒண்ணு வைக்க மவுஸ் போச்சு. போன கை அங்ஙனயே நின்னுட்டு.

மூணுன்னு நெனைக்கவே பயம் அவளுக்கு. வயித்துல நாலாம் மாசம். அவளுக்கும் அவ புருஷன் ஆசீருக்கும் டாக்டரம்மாவுக்கும் தவிர இந்த ஊருல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. தெரியாம இருக்கிற வரைக்கும் பிள்ளை பத்திரமா இருக்கும்னு ஒரு எண்ணம். இது என்ன பைத்தியக்கார எண்ணம்னு அவளுக்கே தெரியும், பி.எஸ்ஸி விலங்கியல் படிச்சவ, ஆனா படிப்புக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம். நாற்காலிய விட்டு எந்திரிக்கும்போது இடுப்பப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கா. பாத்ரூம் போனா கதவச் சாத்தினதும் முதல்ல குனிஞ்சு பாக்கா, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச பெறகுதான் மூச்சு விடுதா. முதுகுல சுள்ளுன்னு ஒண்ணு இழுத்தா, இது நாற்காலியா அதுவான்னு பத்துத் தடவை யோசிக்கா. அவ வேலையே உக்காந்து செய்யுற வேலைதான். வீட்டு முன்னறையில கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு கல்யாணக் கார்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலின்னு ஊருக்கெல்லாம் டிசைன் பண்ணிக் குடுப்பா. செத்தவங்களுக்குக் கண்ணாடியக் கழட்டி, கோட்டு மாட்டி, தலைக்குப் பின்னால வானத்த வச்சுக் குடுக்கிறதுல அவளுக்கு நல்ல பேரு. இன்னைக்குத்தான் சொந்த வீட்டுக் கார்டு. அஞ்சு மணிக்குள்ள ஃபைல் வந்தாத்தான் மிஷின்ல ஏத்துவேன், இல்லாட்டா பால் டெப்போ காலண்டர் ஏறிரும், பெறகு கிறிஸ்மஸ் முடிஞ்சுதான் கார்டு வரும்னு பிரஸ்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி காலையிலயே சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான். ஒரு தடவை அவரு மச்சினன் கல்யாணக் கார்டையே, ஃபைல் நேரத்துக்கு வரலைன்னு, தாலி கட்டி முடிச்ச பெறகு அடிச்சுக் குடுத்த மனுஷன். அத இன்னும் அவரு பொண்டாட்டி சொல்லிக் காட்டுது.

இந்த வீட்டுல இருந்து கார்டு போயி மூணு கிறிஸ்மஸ் ஆயிட்டு. இந்த வருஷம் போடுவோம்னு சொன்னது ஆசீர்தான். அவன் ஒரு பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்ட், நாள் பூரா ஆசிட் பாட்டிலக் கழுவிட்டு வாரவனுக்கு எங்கேருந்துதான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வருதோ. "எமி, புதுசு வேண்டாம், பழைய ஸ்டைல்ல போடுவோம். அந்தக் காலத்து ஸ்டுடியோ போட்டோ மாதிரி. நீ உக்காந்திரு, நான் பக்கத்துல தூணு மாதிரி நிக்கேன்"னான். மொட்டை மாடியில கொடியில போர்வையக் கட்டி, செல்போன ஒரு செங்கல் மேல சாச்சு வச்சு, அவ பட்டுச் சேல, அவன் அவங்க அப்பாவோட கோட்டு. கோட்டு தோள்ல தொங்குது, கை நீளம், உள்ள இருந்து பாச்சா உருண்டை வாசம். அவளுக்கு இப்பல்லாம் எந்த வாசமும் ஆகல, புடவை முந்தானையால மூக்க மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பத்தான் அவன் கீழ ஓடிப் போயி அடுக்களையில இருந்து அந்த முக்காலியத் தூக்கிட்டு வந்தான். ரெண்டு பேருக்கும் முன்னால, நடுவுல, போட்டான். "எதுக்குங்க இது?"ன்னா. "அந்தக் காலத்துப் படத்துல எல்லாம் நடுவுல ஒண்ணு கெடக்கும்லா." "கெடக்கும். அதுல பூச்சாடி இருக்கும்." "பூச்சாடிய நீ பெறகு கம்ப்யூட்டர்ல வச்சுக்க, இப்ப இருக்கட்டும்." அவ முகத்தப் பாக்காமத்தான் சொன்னான். டைமர் ஓடுது, சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னுது, அவன் ஓடி வந்து தோள்ல கை வச்சு நின்னான், கை ஜில்லுன்னு இருந்துச்சு. எதுக்குப் போட்டான்னு அவளுக்குப் புரிஞ்சுட்டு. புரிஞ்சத ரெண்டு பேரும் பேசிக்கிடல. இப்ப அந்த முக்காலிதான் ஸ்கிரீன் நடுவுல வெறுமனே நின்னுக்கிட்டு அவளப் பாக்குது.

அத விட்டுட்டு மத்த வேலையெல்லாம் பாத்தா. கலர எடுத்தா, பட்டுச் சேலையோட அரக்குச் சிவப்பு போச்சு, ஆசீரோட நீலச் சட்டை போச்சு, எல்லாம் சாம்பலாச்சு. அதுக்கு மேல டீத்தண்ணி மாதிரி ஒரு பழுப்பு. ஓரம் மட்டும் இருட்டிக்கிட்டு வாரதுக்கு, படத்து மேல கண்ணாடித் தாள் விரிச்ச மாதிரி ஒரு லேயர். பழைய தாள்ல உள்ள சுருக்கத்துக்கு ஒரு லேயர். முகம் ரெண்டும் மெள்ள மெள்ள பழசாகிக்கிட்டே வந்துச்சு, சுருக்கம் விழல, நரை விழல, ஆனா எப்பவோ வாழ்ந்து முடிச்சவங்க முகம் மாதிரி ஒரு அமைதி வந்துட்டு. அது அவளுக்குப் பிடிச்சுது, பயமாவும் இருந்துச்சு. கண்ணீர் அஞ்சலிக்கு எத்தனை முகத்தத் திருத்தியிருக்கா, இப்ப தன் முகமே அந்த வரிசையில வந்து உக்காந்த மாதிரி. இந்தப் படத்த எந்தக் காலத்துல யாரு கையில எடுத்துப் பாப்பாங்க? பழைய படம்னா அத ஒரு டிரங்குப் பெட்டியில வச்சிருந்து, வீட்டுக்கு வாரவங்ககிட்ட எடுத்துக் காட்டி, இது எங்க அப்பா, இது எங்கம்மா, அப்ப எங்கம்மா என்ன ஒல்லியா இருந்தாங்க பாருங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்லா. ஆள் இல்லாட்டா படம் எப்படிப் பழசாகும், வெறும் குப்பையாத்தான் ஆவும். ஆசீரோட சித்தப்பா ஒருத்தர், கல்யாணமே பண்ணாதவரு, சென்ட்ரல் எக்சைஸ்ல இருந்தவரு, அவரு காலமானப்ப வீட்டக் காலி பண்ணப் போனவங்க ஆல்பம் ஆல்பமா எடுத்து வெளிய போட்டாங்க. அதுல ஊட்டியில குதிரை மேல உக்காந்து சிரிக்கிற மாதிரி ஒரு படம். குதிரைக்குப் பேரு கூட பின்னால எழுதியிருந்தாரு. யாருக்கும் வேண்டாம்னுட்டாங்க. எமீமாதான் அத மட்டும் எடுத்துட்டு வந்தா, இப்பவும் மேசை இழுப்பறைக்குள்ள அவரு குதிரை மேல இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் கெடக்காரு.

சரி, முக்காலிய எடுத்துருவோம்னு முடிவு பண்ணினா. எடுக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, பக்கத்துல உள்ள தரையத் தொட்டு அதையே மேல மேல ஒத்தி எடுத்தா முக்காலி மறைஞ்சுரும். பலகை போச்சு. முன்னங்கால் ஒண்ணு போச்சு. ரெண்டாவது கால் அவ சேலை மடிப்பு மேல விழுந்து கெடக்கு, அத ஒத்தினா மடிப்பு குழம்புது, மடிப்பச் சரி பண்ணினா கால் திரும்பி வருது. கண்ண ஒட்டி வச்சுப் பாத்துப் பாத்து ஒத்தினா. ஒரு வழியா எல்லாம் போச்சு. ஸ்கிரீன விட்டு தள்ளி உக்காந்து பாத்தா, ரெண்டு பேரும் முன்னால உள்ள வெறுந்தரையக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. ஏதோ அங்ஙன இருந்தத இப்பத்தான் யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி. அந்தத் தரை அவளுக்குத் தெரிஞ்ச தரை. மூணு வருஷத்துக்கு முன்னால அவ பாத்துக்கிட்டுக் கெடந்த தரை.

அத நெனைக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நேரம் குருவி, கோட்டுன்னு சுத்திக்கிட்டு இருந்தா. நெனைப்பு கேக்குதா. அப்பவும் இதே மாதிரிதான், பிள்ளை பாக்கியம் தள்ளித் தள்ளிப் போயி, ஊரெல்லாம் ஜெபம் பண்ணி, ஒரு வழியா வயித்துல ஒண்ணு தங்கிச்சு. ஆசீரோட அம்மா, ஞானப்பூ அத்தைக்குச் சந்தோஷம் தாங்கல. அத்தைக்குச் சந்தோஷம் வந்தா அது தெருவுக்கே தெரியும், அவங்க குரல் அப்படி, கோயில்ல பாட்டுப் பாடினா ஆர்மோனியக்காரர் அவங்களப் பாத்துத்தான் சுதியச் சரி பண்ணுவாரு. சர்ச்சத்தான் எங்க பக்கம் கோயில்னு சொல்லுவோம், போதகர ஐயர்னு சொல்லுவோம். நல்லது ஒண்ணு நடந்தா கவர்ல காணிக்கையப் போட்டு, மேல பேரும் காரணமும் எழுதிக் குடுத்தா, ஐயர் ஆராதனை நடுவுல மைக்ல வாசிப்பாரு, அதுக்குப் பேரு ஸ்தோத்திரக் காணிக்கை. பரீட்சை பாசான ஸ்தோத்திரம், புது வண்டி எடுத்த ஸ்தோத்திரம். ஒருத்தர் நாய் கடிச்சும் ஆழமாக் கடிக்காததுக்கு ஸ்தோத்திரம் வச்சு, ஐயரே வாசிக்கும்போது சிரிச்சுட்டாரு. அத்தையும் ஒரு கவர வச்சாங்க. எமீமாகிட்டயும் கேக்கல, ஆசீர்கிட்டயும் கேக்கல, எதுக்குக் கேக்கணும், நல்ல காரியந்தானே. கவர் அந்த வாரம் வாசிக்கிறதுல சேரல, அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டு. நடுவுல ஒரு புதன்கிழமை எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி, ஊசி, அழுகை, அதுல யாருக்கு கவரு ஞாபகம் வரும். ஞாயித்துக்கிழமை அவ கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துத் தரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கா, ஆசீர் கஞ்சிய ஆத்திக்கிட்டு உக்காந்திருக்கான், கோயில் தெருமுனையிலதான், பண்டிகைக்குக் கட்டின ஒலிபெருக்கிய இன்னும் கழட்டல. ஐயர் நல்லா திருத்தமா வாசிக்காரு. "எங்கள் மருமகள் எமீமாள் ஆசீர் கர்ப்பவதியாயிருக்கிறதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை." ஆமென்னு சபையே சொல்லுச்சு. ஆசீர் டம்ளரக் கீழ வச்சுட்டு, எந்திரிக்காம, அவ காதுல அவன் கைய வச்சுப் பொத்தினான். வாசிச்சு முடிச்ச பெறகுதான் பொத்தினான் பாவம், அவனுக்கும் அப்பத்தான் வெளங்குச்சு. அத்தை அங்க கோயிலுக்குள்ள உக்காந்திருந்தாங்க. எப்படி எந்திரிச்சு வீட்டுக்கு வந்தாங்கன்னு தெரியாது. அடுத்த வாரமே மக வீட்டுக்கு சாயர்புரம் போயிட்டாங்க. அவளும் ஒண்ணும் கேக்கல, அவங்களும் ஒண்ணும் சொல்லல. கிறிஸ்மஸுக்கு, ஈஸ்டருக்குன்னு வருவாங்க, பலகாரம் சுடுவாங்க, பாத்திரத்தக் கழுவிக் கவுத்துவாங்க, போயிருவாங்க. அந்தக் குரல் எங்க போச்சுன்னே தெரியல. இப்பல்லாம் கோயில்ல பாட்டுப் பாடும்போது வாய மட்டும் அசைக்காங்க, அத எமீமா பக்கத்துல நின்னு பாத்திருக்கா.

நேத்துதான் வந்திருக்காங்க. அடுக்களையில முந்திரிக்கொத்து சுடுதாங்க. பாசிப்பயறு வறுத்த வாசம், வெல்லம் காய்ச்சின வாசம், இப்ப எண்ணெய் காஞ்ச வாசம். அந்த எண்ணெய் வாசம் முன்னறைக்குள்ள வந்து அவ தொண்டையில நிக்குது. வாந்தி வந்தா அத்தைக்குத் தெரிஞ்சுரும். எலுமிச்சம் இலைய ஒண்ணு மேசை மேல வச்சிருக்கா, கசக்கிக் கசக்கி மோந்துக்கிடுதா. அத்தை காலையில அந்த இலையப் பாத்தாங்க. பாத்துட்டு, "எறும்புக்கு வச்சிருக்கியா?"ன்னு கேட்டாங்க. "ஆமா அத்தை"ன்னா. எலுமிச்சம் இலைக்கு எறும்பு போவும்னு எவ சொன்னா. அத்தை அடுக்களைக்குப் போயிட்டாங்க. சொல்லணும், இவங்ககிட்டயாவது சொல்லணும்னு ஆசீர் தெனமும் சொல்லுதான். "எங்கம்மா ஒரு தடவை செஞ்சதுக்கு ஆயுசு பூரா வாய மூடிக்கிட்டு இருக்கணுமா எமி?" அத்தை மேல அவ கோபமா இருக்கான்னு அவன் நெனைக்கான். கோபம் இல்ல. சத்தியமாக் கோபம் இல்ல. அந்தக் குரல்ல தன் பேரக் கேட்டுரக் கூடாதுன்னுதான். அந்தக் குரல் சந்தோஷப்பட்டா வானத்துல யாருக்கோ கேட்டுரும்னு. பாருங்க, மறுபடியும் பைத்தியக்கார எண்ணம்.

போன் அடிச்சுது, ஆசீர். பின்னால பிள்ளைங்க சத்தம், மணிச்சத்தம். "என்னட்டி, முடிஞ்சுதா?" "முக்காலிய எடுத்துட்டேன்." "எடுத்துட்டியா? சரி. நீ எடுத்தா சரிதான்." "கோபமா?" "எனக்கென்ன கோபம், முக்காலி உங்க வீட்டுச் சீதனமா?" சிரிக்க வச்சுப் பாத்தான். அவ சிரிக்கலைன்னதும் குரலத் தாழ்த்திட்டு, "இங்க பாரு, பூச்சாடி வேணும்னா பூச்சாடி வையி. ரெண்டு பேரும் தனியா நின்னாலும் நல்லாத்தான் இருப்போம். நான் அந்தக் கோட்டுல கவர்னர் மாதிரி இருக்கேன்ல?" "கோட்ட இரவல் வாங்கின கவர்னர் மாதிரி இருக்கீங்க." அவன் சிரிச்சுட்டு வச்சுட்டான். வச்ச பெறகு அவளுக்கு அழுகை வந்துச்சு. எடுத்தா சரிதான்னு எவ்வளவு லேசா சொல்லிட்டான். அந்த முக்காலியத் தூக்கிக்கிட்டு ரெண்டு ரெண்டு படியா மாடிக்கு ஏறி வந்தவன், மூச்சு வாங்க வந்து நின்னவன்.

திரும்பவும் முக்காலியக் கொண்டு வந்தா. முதல்ல உள்ள படத்த அடியில வச்சிருந்தா, மேல உள்ள லேயர்ல கண்ணு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், அத அமுக்கினா போதும், வந்துட்டு. பூச்சாடி தேடினா. பீங்கான் சாடி, பித்தளைச் சாடி, கண்ணாடிச் சாடி. பாளையங்கோட்டையில அந்தக் காலத்து ஸ்டுடியோவுல ஒரே ஒரு பூச்சாடிதான் இருந்துச்சாம், ஊர்ல உள்ள அத்தனை வீட்டுப் படத்துலயும் அந்த ஒரே சாடிதான், கல்யாணத்துக்கும் அதுதான், பென்ஷன் வாங்கினவருக்கும் அதுதான், அதுல உள்ள காகிதப் பூவுல ஒரு இதழ் ஒடிஞ்சு தொங்கும், எல்லா வீட்டுப் படத்துலயும் தொங்கும். பித்தளைச் சாடிய எடுத்து முக்காலி மேல வச்சா. நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. நெழல் கூடக் கரெக்டா விழுந்துச்சு. யாரு பாத்தாலும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அப்பத்தான் அவளுக்குச் சட்டுன்னு, வயித்துக்குள்ள இருக்கிறது இதப் பாத்துக்கிட்டு இருக்குங்கிற மாதிரி ஒரு எண்ணம். என் இடத்துல சாடிய வச்சுட்டியேம்மான்னு. நாலு மாசத்துக்குக் கண்ணே தெரியாது, விலங்கியல்ல அவளே படிச்சதுதான். இருந்தாலும் சாடிய இழுத்து ஓரத்துல விட்டா. ஓரத்துல விட்டு அழிச்சா. "கோவிச்சுக்கிடாத"ன்னு வாய்க்குள்ள சொன்னா. நாலு மாசத்துல முதல் தடவையா அதுகிட்ட பேசினது அதான். இவ்வளவு நாளும் பேசாம இருந்துட்டோமேன்னு அப்பத்தான் உறைச்சுது. பேசினா பழகிரும், பழகிட்டா பெறகு, அந்தப் பெறகுக்குப் பயந்துதான் பேசல. பாவம், அது இத்தனை நாளும் தனியா இருட்டுக்குள்ள, ஒரு வார்த்தை இல்லாம.

இனிமே வேலை தூசி போடுறது மட்டுந்தான். பழைய படம்னா மேல தூசியும் கீறலும் கெடக்கணும், அதுக்குத் தனியா ஒரு லேயர் வச்சிருக்கா, கறுப்புத் துணி மேல உதறிப் படம் எடுத்த தூசி, அத மேல பரத்தினா நெசமாவே டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி ஆயிரும். பரத்தினா. அடியில இப்படிக்குன்னு போட்டு பேரு எழுதற இடம் வந்துச்சு. ஆசீர், எமீமாள் மற்றும் குடும்பத்தார்னுதான் வழக்கமா எல்லாரும் போடுவாங்க. ஆசீர், எமீமாள்னு ரெண்டு பேர மட்டும் போட்டா. பெறகு ஆசீருக்கு முன்னால ஞானப்பூன்னு அடிச்சா. அடிச்சுட்டு அதப் பாத்துக்கிட்டே இருந்தா. இதையும் அவ யோசிச்சுச் செய்யல, விரல் போயி அடிச்சுது.

அப்பத்தான் அத்தை உள்ள வந்தாங்க, கையில தட்டு, தட்டுல ரெண்டு முந்திரிக்கொத்து, ஆவி பறக்குது. "ஏளா, சூட்டோட ஒண்ண வாயில போட்டுப் பாரு. இனிப்புப் பத்தலைன்னா இப்பவே சொல்லிரு." மெல்லிசாத்தான் சொன்னாங்க, இப்பல்லாம் எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுதாங்க. சொல்லிட்டு ஸ்கிரீனப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. "இது யாரு படம்? எங்க மாமனாருல்லா இது. இது எங்க கெடந்துச்சு உனக்கு?" "அத்தை, அது உங்க மவன்." "ஆசீரா? எப்பா! எங்க மாமனார உரிச்சு வச்ச மாதிரில்லா நிக்கான் களவாணிப் பய. அப்ப இது நீயா? நீ யாரு மாதிரியும் இல்ல, நீ உன்ன மாதிரிதான் இருக்க." ஒரு நிமிஷம் பழைய குரல் வந்துட்டு எட்டிப் பாத்துட்டுப் போச்சு. கண்ணாடிய முந்தானையில துடைச்சுப் போட்டுக்கிட்டு இன்னும் கிட்ட வந்தாங்க. அடியில எழுதியிருக்கிற பேர வாசிச்சாங்க, அவங்க பேரு முதல்ல இருக்கிறதப் பாத்தாங்க. பெறகு விரல நீட்டி, "இது என்ன, நம்ம அடுக்களை முக்காலியா? ஏன் சும்மா கெடக்கு? அந்தக் காலத்துல இதுல பிள்ளையத் தூக்கி..."ன்னு ஆரம்பிச்சவங்க பாதியிலயே நிறுத்திட்டாங்க. முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. "பூச்சாடி வைப்பாங்க. பூச்சாடி. நல்ல பூச்சாடியாப் பாத்து வையி"ன்னாங்க.

எமீமா சொல்லணும்னு நெனைக்கல. இன்னைக்குச் சொல்லணும்னு நெனைக்கவே இல்ல. "ஆள் வரணும் அத்தை"ன்னா.

அத்தை தட்ட ஸ்கேனர் மேல வச்சாங்க. நாற்காலிய இழுக்கல, மேசை விளிம்பப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. "எத்தனை மாசம்?"ன்னாங்க. உதடு மட்டுந்தான் அசைஞ்சுது. "நாலு." "டாக்டரம்மா?" "நல்லா இருக்குன்னு சொன்னாங்க அத்தை. ஸ்கேன்ல பிள்ளையோட கையக் காட்டினாங்க." அத்தை கண்ணாடியக் கழட்டினாங்க, திரும்ப மாட்டினாங்க. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மக்கா. ஆண்டவர்ட்ட கூட சத்தமாச் சொல்ல மாட்டேன்." "அவருக்குத் தெரியுமே அத்தை." "தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகட்டும். நான் சொன்னதா இருக்கக் கூடாது." எமீமாவுக்குச் சிரிப்பு வந்துட்டு, சிரிக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துட்டு, அத்தையோட கையப் பிடிச்சா, எண்ணெயும் வெல்லமுமாப் பிசுபிசுன்னு இருந்துச்சு, அந்தக் கைய எடுத்துத் தன் வயித்து மேல வச்சுக்கிட்டா. அத்தை கைய அழுத்தவே இல்ல, சூட்டுப் பாத்திரத்துல வைக்கிற மாதிரி வச்சிருந்தாங்க.

போன் அடிச்சுது, சுடலைமுத்து அண்ணாச்சி. "யம்மா, ஃபைலு வருதா, இல்ல பால் டெப்போவ ஏத்திரட்டா?" "இந்தா அனுப்புதேன் அண்ணாச்சி." "பாத்துட்டீங்களா? அச்சுல ஏறின பெறகு அத மாத்து இத மாத்துன்னு சொல்லப்படாது." "மாத்தம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இருக்கபடியே அடிங்க." ஒத்தைக் கையால மவுஸப் பிடிச்சு அனுப்பினா, இன்னொரு கை அத்தை கை மேல இருந்துச்சு. ஃபைல் போறதுக்கு ஒரு பச்சைக் கோடு ஓடும், அது கடைசி வரைக்கும் போயி மறையுறத ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அத்தைக்கு அது என்ன கோடுன்னு தெரியாது, இருந்தாலும் பாத்தாங்க.

பெறகு அத்தை ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு, "இதுல தூசி கெடக்கே"ன்னாங்க. "அது படத்துக்குள்ள உள்ள தூசி அத்தை. பழசு மாதிரி தெரியறதுக்காக நான்தான் போட்டேன், துடைச்சாப் போகாது." "அப்படியா"ன்னாங்க. அப்படியான்னுட்டு, முந்தானை நுனிய விரல்ல சுத்திக்கிட்டு, ஸ்கிரீன் கண்ணாடி மேல, அந்த முக்காலி இருக்கிற இடத்த மட்டும், நாலு மூலையும் விடாம மெள்ளத் துடைச்சாங்க.